உஷார்! சைடுகார் உங்களை வலப்பக்கம் இழுக்கும்

வயது அறுபதைத் தாண்டியும் நெடும்பயணத்தை விட மனமில்லாத பைக் பிரியர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்துவிடுகிறது. முழங்கால் முன்போல ஒத்துழைப்பதில்லை. சிக்னலில் நிற்கும்போது 200 கிலோ வண்டி ஒருபக்கம் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க முடியுமா என்ற பயம் வந்துவிட்டது. பின்சீட்டில் காலைத் தூக்கிப்போட்டு ஏற மனைவியால் முடியவில்லை. "ஒரு சைடுகார் மாட்டிவிட்டால் என்ன? மூன்று சக்கரம் ஆகிவிடும், விழாது, அவளும் சௌகரியமாக உட்காருவாள்" என்று மனம் கணக்குப் போடுகிறது. ஷோலே படத்து சைடுகார் பைக்கை 1975-இல் திரையில் பார்த்துச் சொக்கிய தலைமுறைக்கு இந்த ஆசை கூடுதலாகவே இருக்கும்.

உஷார்! அந்தக் கணக்கு பாதிதான் சரி. நிற்கும்போது விழாது என்பது உண்மை. ஓடத் தொடங்கியதும் அது நீங்கள் நாற்பது வருடமாக ஓட்டிய வண்டி அல்ல. பைக்கும் அல்ல, ஆட்டோவும் அல்ல, காரும் அல்ல. இடமும் வலமும் ஒன்றுபோல இல்லாத தனி வாகனம் அது. அதை ஓட்டும்போது உங்கள் நீண்ட அனுபவம்தான் உங்களுக்கு முதல் எதிரி. பாதுகாப்புக்காக மாட்டுகிறோம் என்று நம்பி மாட்டுபவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறக்கூடியவர்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எல்லா இழுப்பும் ஒரே திசையில்

நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் சைடுகாரும் பைக்கின் இடப்பக்கம்தான் வரும். இதிலிருந்து கிளம்பும் விளைவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, பிரேக். பைக்கின் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. சைடுகார் சக்கரத்துக்குப் பல வண்டிகளில் பிரேக்கே கிடையாது. நீங்கள் பிரேக் பிடித்ததும் பைக் வேகம் குறையும். சைடுகாரும் அதில் இருப்பவரின் எடையும் அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். இடப்பக்கம் முந்தினால் மொத்த வண்டியும் வலப்பக்கம் திரும்பும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டாலும் இதேதான், அளவு மட்டும் குறைவு. முறுக்கினால் எதிர்மாறாக இடப்பக்கம் இழுக்கும். நேர் சாலையிலும் கை சும்மா இருக்க முடியாது.

இரண்டாவது, இடது வளைவு. பைக்கை வளைவில் சாய்க்கிறோம். சைடுகார் மாட்டிய வண்டி சாயாது. இடப்பக்கம் திரும்பும்போது எடை முழுவதும் வலப்பக்கம் போகும். வேகம் கொஞ்சம் கூடினாலும், சைடுகார் காலியாக இருந்தாலும், அதன் சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பும். அதைக் கீழே இறக்க ஹேண்டிலை வலப்பக்கம் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தினால் வண்டி வளைவின் வெளிப்பக்கம் போகும். அங்கே என்ன இருக்கிறது? எதிரே வரும் வண்டிகளின் பாதை.

மூன்றாவது, உங்கள் கை. இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஓடும் பைக்கை இடப்பக்கம் திருப்ப, நாம் உண்மையில் இடது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறோம். வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. கவுன்ட்டர் ஸ்டியரிங் என்று இதைச் சொல்வார்கள். பெயர் தெரியாதவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், உடம்பு பழகியிருக்கிறது. சைடுகார் வண்டியிலோ, இடப்பக்கம் போக ஹேண்டிலையே இடப்பக்கம் திருப்ப வேண்டும், அதாவது இடது கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பதற்றத்தில் மூளை புதுப் பாடத்தை மறந்து பழைய பழக்கத்துக்குப் போகும். இடது கை தள்ளும். ஹேண்டில் வலப்பக்கம் திரும்பும். வண்டி நேராக எதிர் லாரியை நோக்கிப் போகும்.

பிரேக், எழும்பும் சக்கரம், பழகிய கை. மூன்றும் தனித்தனி ஆபத்து என்றால்கூடச் சமாளிக்கலாம். மூன்றும் ஒரே நொடியில், ஒரே வளைவில், ஒரே திசைக்கு இழுக்கின்றன. ஓர் இடது வளைவில் வேகமாக நுழைந்துவிட்டீர்கள், சக்கரம் எழும்புகிறது, பயந்து பிரேக்கை அமுக்குகிறீர்கள், இடது கைப்பிடியைத் தள்ளுகிறீர்கள். ஒவ்வொரு செயலும் உங்களைச் சாலையின் வலப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இது அப்படியே இடம் மாறி நடக்கும். அங்கும் இழுப்பு எதிர்வண்டிப் பக்கம்தான்.

மலைப்பாதையில் இன்னும் உஷார்

நெடும்பயணம் என்றாலே நம்மவர்களுக்கு மலை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில், இடது கொண்டை ஊசி வளைவுதான் உட்பக்க வளைவு, வலதைவிடக் குறுகலானது. சைடுகார் வண்டிக்குப் பலவீனமான திருப்பமும் மலைச்சாலையின் இறுக்கமான திருப்பமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஏற்றத்தில் எடை பின்னால் போய் முன்சக்கரத்தின் பிடிப்பும் குறையும்.

வலது வளைவு பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சைடுகார் சக்கரம் அமுங்கும், வண்டி நிதானமாக இருப்பதுபோலத் தோன்றும். அந்தத் தைரியத்தில் வேகம் கூட்டி, வளைவின் நடுவே பிரேக்கை அழுத்தினால், பைக்கின் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி, மொத்த வண்டியும் சைடுகாரின் மூக்கின் மேல் கவிழும். இதற்கு முன்னறிவிப்பு மிகக் குறைவு. இடது வளைவில் சக்கரம் எழும்புவதையாவது கண்ணால் பார்க்கலாம்.

இறக்கத்தில் இன்னொரு கவலை. சைடுகாரின் எடை, உட்கார்ந்தவரின் எடை, சாமான் எல்லாவற்றையும் பைக்குக்காகச் செய்த பிரேக்குகள் நிறுத்த வேண்டும். மலை இறங்கி முடிக்கும் முன்பே பிரேக் சூடேறித் தளர்ந்துவிடலாம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய விதி இங்கே உயிர் காக்கும் விதி.

சமவெளியிலும் ஒன்றைக் கவனியுங்கள். பைக் ஒரே தடத்தில் ஓடும், குழியைச் சுற்றிப் போய்விடலாம். கார் இரண்டு தடம். சைடுகார் வண்டிக்கு மூன்று சக்கரத்தில் இரண்டு தடம் இருந்தாலும் அவை சமமானவை அல்ல. இடப்பக்கச் சக்கரம் ஓடுவது சாலையின் விளிம்பில், மணல் குவிந்த, தார் உடைந்த, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் நிற்கும் இடத்தில். அந்தச் சக்கரம் மணலிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்கினால் வண்டி சட்டென்று இடப்பக்கம் இழுபடும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து போகும் பழக்கமும் அன்றோடு முடிய வேண்டும். பைக்கை ஓட்டும் கண் பைக்கின் அகலத்தைத்தான் அளக்கும். இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது நம் வண்டிதான் என்பது நினைவில் நிற்க மாதக்கணக்கில் ஆகும்.

இரவில் எதிரே வருபவருக்கு ஒற்றை விளக்குதான் தெரியும். பின்னால் வருபவருக்கும் அப்படியே. பைக் என்று நினைத்து இடப்பக்கம் நுழைந்து முந்தப் பார்ப்பார்கள். சைடுகாருக்கென்று முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கும், இண்டிகேட்டரும், பிரதிபலிக்கும் பட்டையும் இல்லாமல் இருட்டில் சாலையில் ஏறவே கூடாது.

வயதான உடம்பிடம் இது கேட்கும் விலை

"பைக்கைத் தாங்கும் பலம் இல்லை, அதனால் சைடுகார்" என்பதுதான் தொடக்கம். ஆனால் சைடுகார் வண்டி வேறொரு பலத்தைக் கேட்கிறது. பைக்கைச் சாய்த்தால் அது தானே திரும்பும், கைக்கு வேலை குறைவு. இங்கே ஒவ்வொரு வளைவுக்கும் ஹேண்டிலை இரண்டு கையாலும் இழுத்துத் தள்ளித் திருப்ப வேண்டும். வளைவில் உடம்பு வெளிப்பக்கம் வீசப்படும். அதைத் தாங்கி உட்காரத் தோள், முதுகு, இடுப்பு எல்லாம் உழைக்க வேண்டும். தோள்பட்டை இறுகிப்போனவர்கள், கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள், சர்க்கரையால் கைவிரல் மரத்துப்போனவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். முழங்கால் வலிக்கு மருந்து தேடிப் போய்த் தோள்வலியை வாங்கி வரக் கூடாது.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: ரிவர்ஸ் கியர். சாதாரண பைக்கில் அது கிடையாது. கோயில் வாசலில், சரிவான பார்க்கிங்கில், மூக்கு உள்ளே போய்விட்டால் 300 கிலோ வண்டியைப் பின்னால் தள்ளி எடுக்க வேண்டும். இதய நோய் உள்ளவருக்கும் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்தவருக்கும் இது எப்படிப்பட்ட ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. வண்டியை நிறுத்தும்போதே மூக்கு வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். சரிவில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்குங்கள்.

"நாலு கிளாம்ப் போட்டா போதும் சார்" என்றால்

அந்தப் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சைடுகார் குடும்ப வாகனமாக ஓடிய காலத்தில், பைக்கின் சேஸிஸே அதற்கென்று செய்யப்பட்டது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1955 முதல் 1969 வரை தன் வண்டிகளில் வைத்த எர்ல்ஸ் ஃபோர்க், சைடுகாரை மனதில் வைத்துச் செய்த முன்பக்க அமைப்பு. இரண்டாம் உலகப்போரின்போது மாஸ்கோவிலிருந்து உரால் மலைப்பகுதியின் இர்பித் நகருக்குத் தொழிற்சாலையை மாற்றித் தொடங்கிய உரால் வண்டிகள் இன்றுவரை சைடுகாரோடு சேர்த்தே வடிவமைக்கப்படுகின்றன, ரிவர்ஸ் கியரும் உண்டு. இன்றைய டூரிங் பைக்குகள் அப்படியல்ல. பக்கவாட்டு இழுப்பைத் தாங்க வேண்டும் என்று யாரும் அவற்றின் சேஸிஸைச் செய்யவில்லை. ஹோண்டா நிறுவனம் தன் கையேடுகளில் சைடுகார் மாட்டாதீர்கள் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்து முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். அங்கே கூடாது என்று இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

• எத்தனை இடத்தில் பிடிப்பு? கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு இடத்தில் இருக்க வேண்டும். மெல்லிய குழாயில் நேரடியாகக் கிளாம்ப் இறுக்கக் கூடாது. வண்டிக்கென்று தனி சப்ஃப்ரேம் செய்து அதில்தான் பிடிப்புகள் வர வேண்டும். சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைப்பேன் என்பவரை நம்பாதீர்கள்.

• சக்கரங்களின் நேர்வரிசையை எப்படி அளப்பீர்கள்? சைடுகார் சக்கரம் முன்பக்கம் 1 அல்லது 2 செ.மீ. பைக்கை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். பைக் சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நேரான கம்பிகளைச் சக்கரங்களின் பக்கத்தில் வைத்து, ஓட்டுபவரையும் எடையையும் ஏற்றி அளக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்பவர் வேண்டாம். வரிசை தவறினால் வண்டி ஓயாமல் ஒருபக்கம் இழுக்கும், டயரும் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

• முன் ஃபோர்க்கை என்ன செய்வீர்கள்? சாய்ந்து திரும்புவதற்காக அமைத்த முன்பக்கம் சாயாத வண்டியில் மிகவும் கனமாகத் திரும்பும். அதை இலகுவாக்க ஃபோர்க் அமைப்பை மாற்றுவார்கள். மாற்றினால் குறைந்த வேகத்தில் ஹேண்டில் நடுங்கும், அதற்கு ஸ்டியரிங் டேம்பர் வேண்டும். வயதானவருக்கு இந்த இரண்டும் ஆடம்பரம் அல்ல.

• சைடுகார் சக்கரத்துக்கு பிரேக் உண்டா? இல்லையென்றால் மேலே சொன்ன வலப்பக்க இழுப்பு முழுசாக உங்கள் கையில்தான் வந்து விழும்.

• ஸ்போக்ஸும் ரிம்மும் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குமா? பின் ஷாக் அப்சார்பருக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டாயிற்றா? 20 குதிரைத்திறன் மட்டுமே உள்ள 350 சி.சி. வண்டி என்றால், கூடுதல் எடையை இழுக்க ஸ்பிராக்கெட் மாற்ற வேண்டாமா?

• வண்டியில் ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கன்ட்ரோல், சாய்வு உணரும் சென்ஸார் இருக்கின்றனவா? அவை சாய்ந்து திரும்பும் பைக்குக்காக அமைக்கப்பட்டவை. சாயாத வண்டியில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை வண்டி நிறுவனத்திடமே கேளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்பவர் கிடைக்கும்வரை காத்திருங்கள். போல்ட்டுகளை முதல் சில பயணங்களுக்குப் பிறகு ஒருமுறையும், ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்னும் பின்னும் மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பிடிப்புகளைச் சுற்றி மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(27) பிரிவு, கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் சேர்த்தே மோட்டார் சைக்கிள் என்று வரையறுக்கிறது. அதனால் சைடுகார் சட்டத்துக்கு அந்நியமானது அல்ல. ஆனால் இந்த வரையறையிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எப்போதோ எட்டு போட்டு வாங்கிய அதே லைசென்ஸ் போதும் என்று ஆகிவிடுகிறது. எட்டு போட்டது இரண்டு சக்கரத்தில் சமநிலை காட்ட. சைடுகார் வண்டியின் எந்தத் திறமையையும் அது சோதிக்கவில்லை.

வரையறை ஒருபக்கம் இருக்க, 52-ஆவது பிரிவைப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் வண்டி நிறுவனம் தந்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளர் 6 மாதம் வரை சிறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் மாடல் பைக்கில், இந்த சைடுகாரை மாட்டி ஆர்.சி.யில் பதிய முடியுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். "எல்லாரும் மாட்டிக்கிட்டுத்தான் ஓட்டுறாங்க" என்ற வாய்ப்பேச்சு விபத்து நடந்த பிறகு உதவாது.

இன்ஷூரன்ஸ் அட்டவணையில் இருசக்கர வாகனத்துக்கு சைடுகாரின் மதிப்பை எழுதத் தனி இடம் இருக்கும். உங்கள் பாலிசியில் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லாமல் மாட்டினால், இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகும். அடிபட்டவர் உங்கள் மனைவியாக இருக்கலாம், எதிரே வந்த யாரோ ஒருவராகவும் இருக்கலாம்.

ஹெல்மெட் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். 129-ஆவது பிரிவு, பைக்கில் அழைத்துச் செல்லப்படுபவரையும் சேர்த்து, 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் பொருந்தும். சைடுகாரில் உட்கார்ந்தவருக்கும் ஹெல்மெட் வேண்டும். முன்னால் இருக்கும் கண்ணாடி ஹெல்மெட் ஆகாது.

மாட்டியே தீருவேன் என்பவர்களுக்கு

முதல் நாள் மனைவியை உட்கார வைக்காதீர்கள். பேரப்பிள்ளையை உட்கார வைக்கவே வைக்காதீர்கள்.

சைடுகாரில் 40, 50 கிலோ மணல் மூட்டையை, நகராதபடி கட்டிப் போடுங்கள். காலி சைடுகார்தான் அதிகம் எழும்பும். ஆளரவமில்லாத பெரிய மைதானத்துக்குப் போங்கள். முதலில் வலப்பக்க வட்டம், பிறகு இடப்பக்க வட்டம், மிக மெதுவாக. இடப்பக்க வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, சக்கரம் எழும்பும் அந்த நொடியை மெதுவான வேகத்திலேயே உணருங்கள். எழும்பியதும் ஹேண்டிலை லேசாகத் தளர்த்தி இறக்கிப் பழகுங்கள். திரும்பும் பக்கம் உடம்பை நகர்த்தி உட்காரப் பழகுங்கள். பிறகு நேர்க்கோட்டில் பிரேக்: முதலில் 20 கி.மீ. வேகத்தில், பிறகு 30, பிறகு 40. எவ்வளவு வலப்பக்கம் இழுக்கிறது, அதை எவ்வளவு எதிர்த்துப் பிடிக்க வேண்டும் என்று கை பழக வேண்டும். "வளைவுக்கு முன் பிரேக், வளைவுக்குள் சீரான ஆக்ஸிலரேட்டர்" என்பது யோசிக்காமலே வரும்வரை மைதானத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டிகளுக்கென்றே தனிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. டேவிட் ஹஃப் என்பவர் சைடுகார் ஓட்டுவதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறார், அது பயிற்சிகளை வரிசையாக விளக்குகிறது. படிக்க முடிந்தவர்கள் வண்டி வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

சைடுகாரில் பழகிய பிறகு, அதே வாரத்தில் நண்பரின் சாதாரண பைக்கை எடுத்து ஓட்டாதீர்கள். இரண்டு பழக்கமும் ஒன்றுக்கொன்று நேரெதிர். வயது ஏற ஏற, பழக்கத்தை மாற்றிக்கொள்ள மூளை எடுக்கும் நேரமும் கூடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. வண்டியின் எடைதான் பயம் என்றால் 150 கிலோவுக்குள் இருக்கும், சீட் தாழ்வான பைக்குக்கு மாறுங்கள். கால் பலவீனம்தான் காரணம் என்றால், இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை நம் ஊரிலேயே மாற்றுத்திறனாளிகள் பலர் ஓட்டுகிறார்கள். அதற்கென்று ஒரு நடைமுறையும் சட்டத்தில் இருக்கிறது. மருத்துவச் சான்றோடு ஆர்.டி.ஓ.விடம் விசாரியுங்கள். மனைவியின் சௌகரியம்தான் காரணம் என்றால், அவரை முன்சீட்டில் உட்கார வைத்து காரில் போய், மலையடிவாரத்தில் நீங்கள் மட்டும் பைக் வாடகைக்கு எடுக்கலாம். சைடுகாரேதான் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால், சைடுகாரோடு சேர்ந்தே தொழிற்சாலையில் பிறந்த வண்டியைத் தேடுங்கள், இருக்கிற பைக்கை வெட்டி ஒட்டாதீர்கள்.

55 வயதுக்கு மேல் லைசென்ஸை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் புதுப்பித்துத் தருகிறார்கள், மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். அதை வெறும் சடங்காக முடித்துக்கொள்ளாமல், சைடுகார் யோசனை இருப்பவர்கள் கண், கழுத்து, தோள், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அன்றே உண்மையாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பயணத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுபதிலும் பைக்கில் போகும் மனிதரைப் பார்த்தால் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஆனால் கையேடு சம்மதிக்க வேண்டும், ஆர்.டி.ஓ. எழுதித் தர வேண்டும், நான்கு பிடிப்பும் பிரேக்கும் இருக்க வேண்டும், மைதானத்தில் இடது வட்டம் பயமில்லாமல் வர வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். உங்களை நம்பி இடப்பக்கம் ஏறி உட்காருபவரின் கையில் ஹேண்டிலும் இல்லை, பிரேக்கும் இல்லை. அவருடைய உயிருக்கு முழுப் பொறுப்பும் நீங்கள்தான்.